கை நிற்கும்வரை வாசித்தேன்

தொலைக்காட்சியில் தமிழ்ச் செய்தி வாசிக்கப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்திருந்தார்கள். "எங்கே டிரெயினிங் எடுத்தீங்கம்மா?" என்று ஒரு பெண் கேட்டாள். "ரப்பர்த் தோட்டத்துல, தண்ணிக் குழாய்க்குப் பக்கத்துல," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். வயதாகிவிட்டது, ஏதோ வேடிக்கை பேசுகிறார் என்று நினைத்திருப்பார்கள். அவர்களுக்கு டீ கொடுத்து அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். நான் சொன்னது உண்மைதான்.

1. கூவுற வண்டி

நாடு சுதந்திரம் பெற்ற 1957ஆம் ஆண்டில் எனக்கு இருபத்து நான்கு வயது. மலாக்காவில் காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் அப்பா அம்மாவோடு இருந்தேன். அப்பா ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர், அதாவது மருத்துவ உதவியாளர். நான் பிறந்தது ஜோகூர் மாநிலத்துச் சிகாமட்டில். அப்பாவுக்கு மாற்றலாகி நாங்கள் மலாக்காவுக்கு வந்தபோது எனக்கு ஆறு வயது. சிகாமட்டில் பிறந்தேன் என்பதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

தமிழ்ப் பள்ளியில் தற்காலிக ஆசிரியையாக இருந்தேன். அந்த வேலை முடிந்ததும் அரசாங்கத் தகவல் அலுவலகத்தில் தமிழ் வாசிப்பாளர் வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போனேன். அதுவும் தற்காலிகம்தான். அப்போது நாட்டில் தொலைக்காட்சி கிடையாது. தோட்டங்களில் ரேடியோப் பெட்டி இருந்தால் அது கிராணி வீட்டில், அதாவது தோட்டத்து எழுத்தர் வீட்டில், இருக்கும். பத்திரிகை மறுநாள்தான் போய்ச் சேரும். அதனால் செய்தியை வேனில் ஏற்றிக்கொண்டு போய்த் தோட்டம் தோட்டமாக வாசித்துவிட்டு வருவோம். வேன் கூரையில் முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக இரண்டு ஒலிபெருக்கிக் குழாய்கள். உள்ளே பாட்டரி, ஒரு ஆம்ப்ளிஃபயர், நீண்ட வயருடன் ஒரு மைக். தோட்டத்து ஜனங்கள் அதற்கு வைத்த பெயர் கூவுற வண்டி. நான் கூவுற வண்டி அம்மா.

வேலைக்குத் தேர்வு வைத்தவர் எங்கள் தலைமை மொழிபெயர்ப்பாளர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், ஆங்கிலத்தில் வரும் அறிக்கையைப் பார்த்த மாத்திரத்தில் தமிழில் எழுதிவிடுவார். அலுவலக முற்றத்தில் என்னை நிறுத்தி, பக்கத்தில் ஒருவரை விட்டுத் தகரத்தைத் தட்டச் சொல்லிவிட்டு வாசிக்கச் சொன்னார். நான் மூச்சு விடாமல் ஒரு பக்கத்தை முடித்தேன்.

"பிள்ளை, குரல் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீர் ஓடுறீர். ஆரும் உம்மைத் துரத்தேல்லை. ஆறுதலா வாசியும்," என்றார்.

முதல் நாள் செங் பக்கத்தில் ஒரு தோட்டம். குரல் எப்படிப் போகிறது என்று கேட்கும் ஆசையில் மைக்கை எடுத்துக்கொண்டு ஒலிபெருக்கிக்கு நேர் கீழே போய் நின்றேன். மைக் பிடித்தவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று தெரியும். வேன் ஒரு ஊளை ஊளையிட்டது. தோட்டத்து நாய்கள் எல்லாம் பதில் கொடுத்தன. நான் வேலையில் செய்த முதல் ஒலிபரப்பு அதுதான்.

2. நடேசன் பிள்ளை

வேன் ஓட்டியவர் நடேசன் பிள்ளை. முப்பது வயதுக்குச் சற்று மேலே இருக்கும். பெயரைக் கேட்டால் தஞ்சாவூரில் இருந்து நேற்று கப்பலில் வந்தவர் என்று நினைப்பீர்கள். நெற்றியில் விபூதியும் குறையாது. ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. காஜா பெராங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருந்த செட்டி கம்போங்தான் அவர் ஊர். மலாக்காச் செட்டிகள் பல தலைமுறைக்கு முன்பே இங்கே வந்து கலந்தவர்கள். சாமி நம் சாமி, வீட்டில் பேசுவது அவர்களுக்கே உரிய ஒரு மலாய். என்னை அவர் "காக்" என்று கூப்பிடுவார். மலாயில் அக்காள். என்னைவிடப் பெரியவர்தான், மரியாதைக்கு அப்படி. நாங்கள் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவர் சொன்னதையெல்லாம் இங்கே தமிழில் எழுதுகிறேன்.

ஒரு வாரம் ஆனதும், பெருமை தாங்காமல் அவரிடம் கேட்டேன், நான் எப்படி வாசிக்கிறேன் என்று.

"குரல் பாகுஸ்," என்றார். நன்றாக இருக்கிறது என்று பொருள். ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, "ஆனா கை நிக்கல, காக்," என்றார்.

"எந்தக் கை?"

"அவங்க கைதான். வண்டிக் கண்ணாடியில பார்ப்பேன். நெத்திலி ஆயிறவங்க ஆஞ்சுகிட்டே இருக்காங்க. வெங்காயம் உரிக்கிறவங்க உரிச்சுகிட்டே இருக்காங்க. சீனருக்கு வாசிக்கிறவர் வர்றப்போ, சில சேதிக்குக் கை அப்படியே நின்னுடும். எனக்குச் சீனமும் தெரியாது, தமிழும் தெரியாது. கை தெரியும்."

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. தமிழில் நாலு வார்த்தை தெரியாத மனிதர் என் தமிழுக்கு மார்க் போடுகிறாரே என்று அன்று திரும்பி வரும் வழியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. அவர் அதைப் பற்றிக் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை. பாதி வழியில் வேனை நிறுத்தி ஒரு டுரியான் பழம் வாங்கிக்கொண்டு வந்து பின்னால் வைத்தார். வண்டி முழுக்க வாடை.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். வாசித்து முடித்ததும் லாக் புத்தகத்தில் இடம், நேரம் எழுதி, "வாசிக்கப்பட்டது" என்று போட்டு, நானும் ஓட்டுநரும் கையெழுத்திட வேண்டும். தோட்டத்துக் கிராணியும் ஒரு கையெழுத்துப் போடுவார். மூன்று கையெழுத்து இருந்தால் அந்தத் தோட்டத்துக்குச் செய்தி போய்விட்டது என்று கணக்கு. யார் கேட்டார்கள் என்று எழுத அந்தப் புத்தகத்தில் இடமே கிடையாது.

3. ஆறாம் லயம்

சுதந்திரத்துக்குப் பிறகு ஓராண்டுக்கு ஒரு சலுகை இருந்தது. இந்த நாட்டில் பிறந்து இன்னும் குடியுரிமை பதியாதவர்கள் அந்த ஓராண்டுக்குள் பதிந்துகொண்டால் மலாய் மொழிப் பரீட்சை இல்லை. தவறவிட்டால் பரீட்சை எழுத வேண்டும், அதிகாரி முன்னால் பேசிக் காட்ட வேண்டும். மலாக்காவிலேயே பிறந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, அவர்கள் முன்பே குடிமக்கள் கணக்கில் வந்துவிட்டார்கள். வேறு மாநிலத்தில் பிறந்து இங்கே வந்தவர்களுக்குத்தான் இது தேவைப்பட்டது.

புக்கிட் காதிலுக்குப் போகும் வழியில் ஒரு பெரிய தோட்டம். பெயர் வேண்டாம். அதில் ஐந்து லயங்களில் பழைய ஆட்கள். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகள். ஆறாம் லயம் மட்டும் மேட்டுக்கு அந்தப் பக்கம், தனியாக இருந்தது. அங்கே இருந்தவர்கள் ஜோகூரில் ஒரு தோட்டம் மூடியபோது மொத்தமாகக் கிளம்பி வந்த குடும்பங்கள். ஆக, அந்தத் தோட்டத்திலேயே இந்த அறிவிப்பு யாருக்கு உயிரான விஷயமோ அவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு லயத்தில்தான் இருந்தார்கள். அன்று எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் தோன்றவில்லை.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. ரப்பர் மரத்தில் பால் வெட்டு முடிந்து, குளித்து, சாப்பிட்டு, ஜனங்கள் வாசலில் இருந்தார்கள். கையில் இரண்டு தாள். முதலில் அமைச்சர் பேச்சு, பிறகு ரப்பர் விலை, பிறகு எங்கோ ஒரு பாலம் திறந்தது. பதிவு அறிவிப்பு கடைசியில். அலுவலகம் எழுதிக் கொடுத்த வரிசை அது, நான் மாற்றக்கூடாது. அமைச்சர் பேச்சுக்கு நடுவில் லயத்துக் கோடியில் இருந்த குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.

அந்த லயத்துக்கு ஒரே குழாய். நாலு மணிக்கு வந்தால் ஐந்துக்கு நின்றுவிடும். நாற்பது வீட்டுக்கும் மறுநாள் சமைக்க, குடிக்க அந்த ஒரு மணி நேரத் தண்ணீர்தான். பெண்கள் எழுந்தார்கள். டின்னும் வாளியும் எடுத்துக்கொண்டு எல்லாரும் போய்விட்டார்கள். ஆண்கள் சிலர் அவர்களுக்கு உதவியாகத் தூக்கப் போனார்கள். மீதிப் பேர் பின்னால் இருந்த திடலுக்குப் போய்விட்டார்கள். குழாயடியில் டின் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது.

நடேசன் பிள்ளை ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நிறுத்தட்டுமா, காக்? தண்ணி நின்னதும் வாசிக்கலாம்."

"நாலே முக்காலுக்கு புக்கிட் காதில்ல இருக்கணும். என் வேலை வாசிக்கிறது," என்றேன்.

என் தலை அன்று வேறு எங்கோ இருந்தது. கோலாலம்பூரில் வானொலியின் தமிழ்ப் பகுதியில் நிரந்தர வேலைக்குக் குரல் தேர்வு வைக்கிறார்கள், விண்ணப்பம் போட்டிருந்தேன். தோட்டத்துக்கு வாசிக்கும்போதெல்லாம் நான் கோலாலம்பூருக்குத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். அன்று பதிவு அறிவிப்பை வாசித்தேன் பாருங்கள், எழுத்துக்கு எழுத்து சுத்தம். எங்கே மூச்சு விட வேண்டுமோ அங்கே விட்டேன். விதிப்படி இரண்டாம் முறையும் வாசித்தேன். கேட்டவர்கள் ஒரு நாயும் இரண்டு கோழியும் கிராணியும். கிராணிக்குப் பூப்பந்து விளையாட நேரமாகிவிட்டது, மட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். நடேசன் பிள்ளை புத்தகத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டுத் தன் பெயரை எழுதினார்.

4. கைக்குட்டைக்குள் ஐ.சி.

சில மாதம் கழித்து, ஒரு வேலை நாளில் பதிவு அதிகாரிகள் அந்தத் தோட்டத்துக்கு வந்தார்கள். மற்ற லயங்களில் இருந்து வேண்டியவர்கள் வந்து பதிந்துகொண்டார்கள். ஆறாம் லயத்தில் இருந்து ஒருவரும் வரவில்லை. எல்லாரும் மலைக்காட்டில் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். "வேன்ல வாசிச்சாச்சு, வேணும்னா வந்திருப்பாங்க," என்று கிராணி சொல்லிவிட்டார். அதிகாரிகள் மேசையை மடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

சலுகை முடிய ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் அலுவலகத்துக்கு ஒரு பெண் வந்தார். பெயர் பாக்கியம். முப்பத்தைந்து வயது இருக்கும். வெட்டுக் கத்தி பிடித்துக் காய்த்த கை. கைக்குட்டையில் முடிந்து கொண்டுவந்த ஐ.சி.யை, அடையாள அட்டையை, அவிழ்த்துக் கனகசபை மேசைமேல் வைத்தார். நான் அடுத்த மேசையில் இருந்தேன்.

"எங்க லயத்துல யாரும் பதியல சார். ஜோகூர்ல பொறந்தவங்க எல்லாம் பதியணுமாம்ல. அஞ்சாம் லயத்துல இப்பத்தான் சொன்னாங்க. இனிமே எங்க போயி யார பாக்கணும்?"

கனகசபை லாக் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "இஞ்ச வாசிச்சதெண்டு இருக்கே அம்மா. ரெண்டு தரம் வாசிச்சிருக்கு."

பாக்கியம் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது. "ஆமா சார், இந்த அம்மாதான் வந்தாங்க. கொரலு கேட்டுச்சு. தண்ணி வந்துருச்சு, போயிட்டோம். தண்ணிய விட்டா மறுநாளைக்கு என்ன செய்யிறது?"

அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். அதனால்தான் எனக்குத் தலை நிமிரவில்லை.

தனித்தனியாக மலாக்கா அலுவலகத்துக்கு வந்து பதியலாம் என்று கனகசபை சொன்னார். பாக்கியம் தலையை ஆட்டினார். "வேல நாள்ல வந்தா பேரு விழாது சார், அன்னிக்குச் சம்பளம் போச்சு. நான் இன்னிக்கு வந்ததுக்கே கங்காணி பேசுவாரு. நாப்பது வீடும் எப்படி வரும்? பரீட்சன்னா எங்களால ஆகாது சார். பாசார்ல சாமான் வாங்க மலாய் பேசுவேன். ஆபீசர் முன்னால நின்னா தமிழே வராது."

யோசித்துச் சொல்வதாகக் கனகசபை அவரை அனுப்பினார். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை தற்காலிகம். போதாததற்குக் கோலாலம்பூரில் குரல் தேர்வுக்கு அழைத்து முந்தின வாரம்தான் கடிதம் வந்திருந்தது, அதோடு இந்த அலுவலகத்தின் சான்றுக் கடிதமும் கேட்டிருந்தார்கள். ஆளில்லாத இடத்தில் வாசித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னால் எந்தச் சான்று கிடைக்கும்? சொல்லாவிட்டாலும் ஒன்றும் ஆகாது. மூன்று கையெழுத்து இருக்கிறது.

மறுநாள் வேனில் ஏறியதும் நடேசன் பிள்ளை இஞ்சினைக் கிளப்பவில்லை. அலுவலகத்தில் பேச்சு பரவியிருக்கும்போல.

"சொல்லிடுவோம், காக்," என்றார். "நானும் கையெழுத்துப் போட்டவன். தமிழ் தெரியாதுன்னு நான் தப்பிச்சுக்கலாம். ஆனா அங்க ஆள் இல்லன்னு பாக்கத் தமிழ் வேணுமா?"

இறங்கிப் போய்ச் சொன்னோம். அவர் மலாயில் சொன்னார், நான் தமிழில் சொன்னேன். கனகசபை கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஆக்கள் இல்லாத இடத்தில ஆருக்குப் பிள்ளை வாசிச்சனீர்?"

"ரெண்டு தடவை வாசிக்கணும்னு விதி இருக்கு சார்."

"விதியோ. விதிக்கு வாசிச்சனீர்." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "என்ர பிழையும் இருக்கு. அந்த அறிவித்தலைக் கடைசியில எழுதினது நான்தான்."

அன்றே அவர் பதிவு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் என் பெயர் இல்லை, நடேசன் பிள்ளை பெயரும் இல்லை. எங்கள் வாசிப்பு உரியவர்களைப் போய்ச் சேரவில்லை, பிழை எங்களுடையது, ஆறாம் லயத்துக்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒப்புக்கொண்டார்கள். கோலாலம்பூருக்கு வேண்டிய சான்றுக் கடிதத்தையும் பிறகு எழுதிக் கொடுத்தார். கொடுக்கும்போது, "உம்மட குரலுக்குத்தான் சான்று தாறன். காதுக்கு நீர்தான் தேட வேணும்," என்றார். அந்த மனிதரை நினைத்தால் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும்.

5. குழாயடி

ஞாயிற்றுக்கிழமைக்கு முந்திய புதன், சரியாக நாலு மணிக்கு ஆறாம் லயத்துக்குப் போனோம். இந்த முறை நடேசன் பிள்ளை வேனைக் குழாயடிக்கே கொண்டுபோய் நிறுத்தினார். தண்ணீர் வந்தது. பெண்கள் வரிசையில் நின்றார்கள். மைக்கைப் பிடித்து ஆரம்பித்தேன். டின் சத்தமும் ஒலிபெருக்கியும் சண்டை போட்டன. கண்ணாடியில் நடேசன் பிள்ளை முகத்தைப் பார்த்தேன். "பெலும்," என்றார். இன்னும் இல்லை.

மைக்கை அணைத்துவிட்டு இறங்கினேன். தாளை வேனிலேயே வைத்துவிட்டேன். குழாய்ப் பக்கத்தில் ஈரத்தில் போய் நின்றுகொண்டு, ஒரு டின் எடுத்து அடுத்த டின் வைக்கிற இடைவெளியில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். வர்ற ஞாயிற்றுக்கிழமை காலையில பதிய வர்றாங்க. பெரட்டுக் களத்துக்கு வாங்க, தினமும் காலையில பேர் கூப்பிடுற அதே இடம். ஐ.சி. கொண்டு வாங்க. பிறப்புப் பத்திரம் இருந்தா அதையும் கொண்டு வாங்க. பரீட்சை இல்லை. இந்த மாசம் போச்சுன்னா பரீட்சை உண்டு.

"பத்திரம் இல்லாட்டி?" என்று ஒருவர் கேட்டார்.

"உங்கள ஜோகூர்ல பொறந்த நாள்ல இருந்து தெரிஞ்சவங்க யாராச்சும் கூட வரட்டும். அதிகாரி விசாரிப்பாரு."

"பொம்பளைங்களும் பதியணுமா?" இது வேறு ஒருவர்.

"ஆம்பளைக்கு வேற, பொம்பளைக்கு வேறன்னு இல்லக்கா. நீங்க தனியா பதியணும். வீட்டுக்காரர் பதிஞ்சா உங்களுக்கு வந்துடாது."

அப்போதுதான் பார்த்தேன். குழாயடியில் இருந்த டின் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. யாரும் அதை எடுக்கவில்லை. ஒரு மணி நேரத் தண்ணீர், சொட்டு விடாமல் பிடிக்கிற ஜனம், அத்தனை கையும் அப்படியே நின்றிருந்தது. வேனைத் திரும்பிப் பார்த்தேன். நடேசன் பிள்ளை தொப்பியைக் கழற்றிவிட்டுப் போட்டுக்கொண்டார்.

பாக்கியம்தான் முதலில் அசைந்தார். டின்னை நகர்த்திவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். "நீங்க பதிஞ்சிட்டீங்களா?"

"எனக்கு எதுக்குக்கா? நான் மலாக்கா. காஜா பெராங்."

"பொறந்தது?"

வாயைத் திறந்தேன். சிகாமட் என்று சொல்ல வந்தது, சொல்லும் முன்பே காது சூடாகிவிட்டது. அந்த அறிவிப்பை எத்தனை தோட்டத்தில் எத்தனை முறை வாசித்திருப்பேன். இந்த நாட்டில் பிறந்து இன்னும் பதியாதவர்கள் என்று அழுத்தம் திருத்தமாக உச்சரித்திருக்கிறேன். ஒரு நாள்கூட அது என்னைச் சொல்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. அப்பா இந்தியாவில் பிறந்தவர், அவர் பதிவது வேறு வழி, அதைப் பற்றி வீட்டில் பேசியிருக்கிறோம். என்னைப் பற்றி யாரும் பேசவில்லை. நான்தான் செய்தி வாசிக்கிறவளாயிற்றே, எல்லாம் தெரிந்திருக்கும் என்று விட்டிருப்பார்கள்.

"சிகாமட்," என்றேன்.

குழாயடியே சிரித்தது. பாக்கியம் சிரித்த சிரிப்பில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அப்ப நீங்களும் நம்ம லயந்தான். ஞாயித்துக்கெழம ஐ.சி.ய எடுத்துக்கிட்டு வந்து சேருங்க."

வேனில் ஏறியதும் எல்லாரும் ஏன் சிரித்தார்கள் என்று நடேசன் பிள்ளை கேட்டார். சொன்னேன். புக்கிட் காதில் போய்ச் சேரும்வரை அவர் சிரித்துக்கொண்டே வண்டி ஓட்டினார். இரண்டு இடத்தில் கியரை மாற்ற மறந்துவிட்டார்.

6. அடுத்த எண்

ஞாயிற்றுக்கிழமை பெரட்டுக் களத்தில் இரண்டு மேசை போட்டிருந்தார்கள். ஆறாம் லயம் முழுக்கக் குளித்து, தலைவாரி, தீபாவளிச் சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தது. அரசாங்க ஊழியை என்று என்னை முன்னால் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. பாக்கியத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அவர் முறை வந்தபோது அதிகாரி மலாயில் ஏதோ கேட்டார். பரீட்சைதான் இல்லையே, அந்தத் தைரியத்தில் பாக்கியம் மலாயில் நன்றாகவே பதில் சொன்னார். அவருக்கு எண் போட்ட ஒரு சீட்டு கொடுத்தார்கள், அடுத்து எனக்கு. சான்றிதழ் பிறகு வந்தது.

எல்லாரும் பதிந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. பாக்கியத்தின் தம்பி முனியாண்டி, நான் நாய்க்கும் கோழிக்கும் வாசித்த நாளுக்கும் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கும் நடுவில் வேறு தோட்டத்துக்கு வேலை தேடிப் போய்விட்டார். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் திரும்பி வந்தபோது சலுகை முடிந்திருந்தது. பின்னாளில் அவருக்குக் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு ஐ.சி.தான் கிடைத்தது. அதை வைத்துக்கொண்டு பல வருஷம் வேலைக்கு அனுமதி கேட்டு அலைந்தார். ஒரு முறை மலாக்கா பஸ் நிலையத்தில் பார்த்தேன். மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கம்மா, நான் அந்நேரம் திடல்ல பந்து வெளையாடிக்கிட்டு இருந்தேன்," என்றார். அவர் விட்டுவிட்டார். நான் இன்னும் விடவில்லை. செய்தி அறைக்குள் போகும் ஒவ்வொரு நாளும் அவர் முகம் ஒரு முறை வந்து போகும்.

கோலாலம்பூரில் குரல் தேர்வில் தேறினேன். நியமனக் கடிதத்தில் குரலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல் வரியே குடியுரிமைச் சான்றிதழைக் கொண்டுவர வேண்டும் என்பதுதான். நிரந்தர அரசாங்க வேலை, குடிமக்களுக்கு மட்டும். அந்தக் கடிதத்தைப் பிடித்துக்கொண்டு காஜா பெராங் வீட்டு வாசற்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். சான்றிதழ் உள்ளே அம்மாவின் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்தது.

சில வருஷம் வானொலி. நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தபோது தமிழ்ச் செய்திக்கு என்னையும் எடுத்தார்கள். முதல் நாள் விளக்கு வெளிச்சத்தில் வியர்த்துக் கொட்டியது. எதிரே கேமரா மட்டும். பார்ப்பதற்கு ஒரு கையும் இல்லை. குழாயடியை நினைத்துக்கொண்டு ஒவ்வொரு செய்தியையும் டின் மாற்றுகிற இடைவெளி விட்டு வாசித்தேன். அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போனபோது நடேசன் பிள்ளையிடம் கேட்டேன். அவர் கோப்பிக் கடையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்.

"முதல் சேதிக்குக் கோப்பி ஆத்துறவர் கை நின்னுச்சு, காக். ரெண்டாவதுக்கும் நின்னுச்சு. மழை வெயில் சொல்ற இடத்துல ஆத்த ஆரம்பிச்சுட்டார்."

அன்றிலிருந்து வானிலையைக் கொஞ்சம் கவனமாக வாசிக்கத் தொடங்கினேன்.

இளைய பிள்ளைகளுக்கு நான் சொல்ல இருப்பது ஒன்றுதான். உச்சரிப்பு, மூச்சு, பார்வை எல்லாம் பழகினால் வந்துவிடும். தாளைக் கையில் வாங்கியதும் முதலில் நீங்கள் கேளுங்கள். இது யாருக்கு, அவர்கள் இந்த நேரத்தில் எங்கே இருப்பார்கள், இது உங்களுக்கும் சேர்த்தா என்று கேட்டுவிட்டு அப்புறம் வாசியுங்கள். எனக்குத் தெரிந்த டிரெயினிங் இதுதான். அதைக் கொடுத்தவர்களில் ஒருவர் தமிழ் தெரியாதவர், இன்னொருவர் பால் வெட்டியவர்.

என் குடியுரிமைச் சான்றிதழ் இப்போதும் அலமாரியில் இருக்கிறது. பாக்கியம் காலமாகும் முன்பு ஒரு முறை அவர் வீட்டில் அவருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். நீளமான எண். கடைசி இலக்கத்தைத் தவிர எல்லாம் ஒன்று. அவருடையது ஏழில் முடியும், என்னுடையது எட்டில். முப்பது வருஷம் இந்த நாட்டுக்குச் செய்தி வாசித்தேன். எனக்கு வேண்டிய செய்தியை அந்தக் குழாயடியில் அவர்தான் சொன்னார்.